ஆவாரை: வறட்சியில் மலரும் செடி

ஊவா மாகாணத்து மலைகளுக்கு ஆண்டிலே இரண்டு முகங்கள் உண்டு. ஒக்டோபர் மாதத்தில் இடைப்பருவ மழை இடியோடு இறங்கும். அதைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவமழை தை மாதம் வரையில் நின்று பெய்யும். ஓடைகள் நிரம்பி, மண் ஊறி, மலையே நீரால் கனத்து நிற்கும் காலம் அது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களிலோ நிலைமை நேர்மாறானது. தென்மேற்குப் பருவக்காற்று தான் சுமந்து வரும் நீரையெல்லாம் மேற்குச் சரிவுகளில் சொரிந்துவிட்டு, வறண்ட வெறுங்காற்றாக மலைமுகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்குகின்றது. கிழக்கு மாகாணத்தார் கச்சான் என வழங்கும் காற்றும் இதுவே. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுக்கும் தனி நறுமணம் இந்த வறண்ட காற்றின் கொடை. ஆனால் தேயிலைக் கொழுந்துக்கு மணம் ஊட்டும் அதே காற்று, லயத்துக்குப் பின்னால் ஓர் ஏழைத் தாய் இட்டுவைத்த கத்தரிச் செடியையும் மிளகாய்ச் செடியையும் கருக்கிவிடுகின்றது. ஏலத்தில் கிடைக்கும் விலை ஒருவருக்கும், காய்ந்த கொல்லை இன்னொருவருக்குமாகப் பங்கு பிரிக்கும் காற்று அது.

இத்தகைய நிலத்திலே, தண்ணீர் ஊற்றுவார் இல்லாமலே தழைத்து, கோடையின் நடுவிலே பொன்னைக் கொட்டியதுபோல் மலரும் செடி ஒன்று உண்டு. அதுவே ஆவாரை. பழந்தமிழ் நூல்களில் அதன் பெயர் ஆவிரை. சிங்கள மக்கள் ரணவரா என்பர். ஆங்கிலேயர் ‘மாத்தறைத் தேயிலை’ என்றொரு வேடிக்கையான பெயரை அதற்கு இட்டனர். இலங்கையின் தென்கரை மக்கள் இதன் பூவைக் காய்ச்சிக் குடிப்பதைக் கண்டு வைத்த பெயர் அது. தேயிலை நாட்டிலே தேயிலைக்கு ஒரு போட்டியாளன் இருந்ததை அந்தப் பெயர் நமக்குச் சொல்லுகின்றது.

பேரகலையிலிருந்து கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் செல்வோர், சில மைல் தூரத்துக்குள் இரண்டு நாடுகளைக் கண்டுவிடலாம். மேலே பூனாகலைப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகள். கொஸ்லந்தவைக் கடந்தால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. அதன் காலடியிலிருந்து விரியும் வெல்லவாய, தணமல்வில வறள்நிலங்கள். ஆவாரையின் இயற்கையான வீடு அந்தக் கீழ்நிலந்தான். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாகவோ பஸ்வண்டியிலோ செல்லும் தோட்டத்து மக்கள், திஸ்ஸமகாராமையை அண்டிய பற்றைக்காடுகளில் அதன் மஞ்சள் பூவைக் காண்பர். உலர்த்திய பூவை வழியோரக் கடைகளில் வாங்கியும் வருவர். அவர்களுடைய முன்னோர் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய வானம்பார்த்த சீமைகளிலிருந்து, முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக வந்தவர்கள். அந்தச் சீமைகளில் ஆவாரை இல்லாத தரிசு கிடையாது. குளிர் மலைக்கு வந்தபோது அவர்கள் ஊரில் விட்டுவந்த பொருள்களில் இந்தச் செடியும் ஒன்று. பேரப்பிள்ளைகளுக்கு அது இன்று யாத்திரையில் மட்டும் தென்படும் பூவாகிவிட்டது.

தாவரவியலார் ஆவாரையை அவரைக் குடும்பத்திற் சேர்த்துள்ளனர். முன்னாளில் காசியா ஒரிக்குலாட்டா என்று வழங்கிய அதன் விஞ்ஞானப் பெயர் இந்நாளில் சென்னா ஒரிக்குலாட்டா என மாற்றப்பட்டுள்ளது. ஒரிக்குலாட்டா என்பது ‘காதுடையது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், சிறு காதுமடல் போன்ற பச்சைச் செதில்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் காதை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும். செடி ஓர் ஆள் உயரத்துக்கும் சற்று மேலாக வளரும். பட்டை செம்பழுப்பு நிறம். ஒவ்வோர் இலையிலும் எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள் இருக்கும். காய் தட்டையாய், கடதாசி போல் மெல்லியதாய், விதைகள் இருக்கும் இடம் வெளியே தடம் தெரியும்படி தொங்கும்.

பூவின் அமைப்பிலே ஒரு விந்தை இருக்கின்றது. ஆவாரம்பூவில் தேன் இல்லை. வண்டுக்குக் கொடுக்க அதனிடம் இருப்பது மகரந்தப்பொடி ஒன்றே. அந்தப் பொடியும் மற்றப் பூக்களிற்போல வெளியே உதிர்ந்து கிடப்பதன்று. மகரந்தப்பையின் நுனியிலுள்ள ஒரு சிறு துளைக்குள் அடைபட்டிருக்கின்றது. மரத்தைத் துளைத்து வாழும் கரிய தச்சுவண்டு பூவைப் பற்றிக்கொண்டு, தன் உடலைக் குறிப்பிட்ட ஒலியோடு அதிரச் செய்கின்றது. அந்த அதிர்வில், உப்புப் போத்தலைத் தட்டினால் உப்பு உதிர்வது போல, துளை வழியே பொடி உதிர்ந்து வண்டின் மேனியிற் படிகின்றது. ஆகையால் தச்சுவண்டு துளையிட்ட காய்ந்த மரத்தையெல்லாம் வெட்டி எரித்துவிட்ட ஊரில், ஆவாரை பூத்தாலும் காய்ப்பது குறையும். பட்டுப்போன மரக்கட்டை ஒன்றையாவது வேலியோரம் விட்டுவைப்பது அறிவுடைமை.

இந்த இனச் செடிகளில் முட்டையிடும் இளமஞ்சள் நிறப் பட்டுப்பூச்சிகள் சில உண்டு. ஆண்டுதோறும் கூட்டங்கூட்டமாகப் பறந்து சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போவதாக நாட்டுமக்கள் சொல்லும் பூச்சிகளில் இவையும் அடங்கும். அவற்றின் புழுக்கள் இலையைத் தின்றால் தோட்டக்காரர் மருந்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. செடி மீண்டும் துளிர்க்கும்.

வறட்சியைத் தாங்கும் ஆற்றல் அதற்கு எப்படி வந்தது? வேர் ஆழச் செல்வது ஒரு காரணம். இலைகள் சிறு சிறு துண்டுகளாய்ப் பிரிந்திருப்பதால் வெயிலின் சூடு ஒரே பரப்பில் தங்குவதில்லை. வறண்ட நாட்டின் கற்றரையிலும், உவர் நிலத்திலும், வேறு செடி பிழைக்காத கரம்பிலும் அது நிலைத்துவிடுவதால், ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு ஏது என்னும் கருத்துப்பட ஒரு பழமொழியே தமிழில் வழங்குகின்றது. கொளுத்தும் வெயிலில் நடப்போர் ஆவாரந் தழையைத் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிக்கொள்வது தமிழ்நாட்டு உழவரின் பழைய வழக்கம்.

சங்கப் புலவர்களும் இந்தப் பூவை அறிவார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் நீண்ட மலர்ப்பட்டியலில் ஆவிரைக்கு இடம் உண்டு. காதலில் தோற்று மடலேறத் துணிந்த இளைஞன் ஆவிரைப் பூவை மாலையாகச் சூடி வீதியில் வந்தான் என்று பழம்பாடல்கள் கூறும். அரசர்க்குரிய பூவன்று அது. கேட்பாரற்ற வெளியிற் பூத்துக் கிடந்த பூ. ஊரார் முன் மானத்தை இழந்து நின்றவன் அதைத் தேர்ந்ததில் பொருத்தம் இருக்கின்றது. பிற்காலத்தில் அதன் நிலை உயர்ந்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பொங்கலுக்கு முதல்நாள் வீட்டிறப்பில் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூவே சேர்கின்றது.

இனி அதன் பயன்களைப் பார்ப்போம். ஒரு காலத்தில் பெரும்பணம் ஈட்டித் தந்தது பூவன்று, பட்டை. பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகிவிடும். துவர்ப்புச் சாரம் ஊறிய நீரில் அதை ஊறவைத்தால், சாரம் தோலின் நார்களோடு பிணைந்து, அழுகாத பதப்பட்ட தோலாக மாற்றுகின்றது. ஆவாரம்பட்டையில் இந்தத் துவர்ப்புச் சாரம் மிகுதி. சென்னை மாகாணத்தில் திண்டுக்கல், வாணியம்பாடி முதலிய ஊர்களின் தோற்கிடங்குகள் 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பட்டையைக் கொண்டே இயங்கின. அங்கே பதப்பட்ட தோல் கப்பலேறி இலண்டன் சந்தை வரை சென்றது. 1903ஆம் ஆண்டில் அல்பிரட் சற்றர்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் குரோமிய உப்பினால் தோல் பதனிடும் முறைக்கான சோதனைகளைத் தொடங்கினார். பின்னர் தென்னாபிரிக்காவிலிருந்து சவுக்குக்கு உறவான வேறொரு மரமோ என எண்ணத்தக்க, உண்மையில் வேல இனத்தைச் சேர்ந்த, வாட்டில் மரத்தின் பட்டை மலிவாக வந்து இறங்கியது. காட்டிலும் கரம்பிலும் அலைந்து ஆவாரம்பட்டை உரித்து விற்றுப் பிழைத்த ஏழைகளின் வருமானம் அதோடு சுருங்கிப்போயிற்று. ஒரு செடியின் வரலாற்றில் கப்பற் கட்டணமும் இரசாயனமும் எவ்வளவு தூரம் குறுக்கிடுகின்றன என்பதற்கு இது ஒரு சான்று.

உழவனுக்கு அது தழையுரம். தமிழ்நாட்டில் நெல்வயலில், குறிப்பாகக் களர்பட்ட நிலத்தில், ஆவாரந்தழையை மிதித்துச் சேற்றில் புதைப்பது நெடுங்கால வழக்கம். இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துவது அவசியம். அவரைக் குடும்பத்துச் செடிகள் யாவும் வேர்முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து நிலத்துக்குக் கொடுக்கும் என்று பலர் நம்புகின்றனர். ஆவாரை அந்த வேலையைச் செய்வதில்லை. அதன் வேரில் முடிச்சுகள் உண்டாவதில்லை. ஆகவே செடியை நட்டுவிட்டால் மண் தானாக வளம்பெறும் என்று காத்திருப்பது வீண். தழையை வெட்டி மண்ணில் இட்டால்தான் பலன். 2021ஆம் ஆண்டில் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி சில மாதங்கள் தடைசெய்யப்பட்டபோது, தழையுரத்தைத் திடீரென்று எங்கே தேடுவது என்று திகைத்த விவசாயிகள் பலர். வேலியோரம் கிளிசிறிடியாவோ ஆவாரையோ முன்கூட்டி நின்றிருந்தால் அந்தத் திகைப்பு ஓரளவு குறைந்திருக்கும். உரத்தேவை முழுவதையும் அவை தீர்த்திருக்கும் என்று சொல்வதோ மிகை.

பூவின் பயன்களே இன்று பெரிதும் பேசப்படுகின்றன. நிழலில் உலர்த்திய பூவில் ஒரு சிறு பிடியைத் தண்ணீரிலிட்டுக் காய்ச்சி, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது தென்னிலங்கை முறை. சுவை இலேசான துவர்ப்பு, நிறம் பொன். தேயிலையிலுள்ள கிளர்ச்சி இதில் இல்லாததால் இரவில் தூக்கம் கெடாது. தமிழ்நாட்டில் புதுப்பூவைப் பருப்போடு சேர்த்துக் கூட்டாகச் சமைப்பர். உலர்ந்த பூவைப் பயற்றம்மாவோடு அரைத்து உடம்பிற் பூசிக் குளிப்பதும் உண்டு.

சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்றொரு புகழ்பெற்ற கஷாயம் இருக்கின்றது. ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம்பட்டை முதலியவை அதிற் சேரும். நீரிழிவுக்கு அது வழங்கப்படுகின்றது. ஆய்வுக்கூடத்து எலிகளில் ஆவாரஞ்சாறு இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைப்பதாகப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மனிதரிடத்தில் நடந்த சோதனைகள் சிலவே; அவையும் சிறியவை. எலிக்குப் பொருந்தியது மனிதனுக்கு அதே அளவிற் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆபத்து இருக்குமிடம் இதுவே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இலங்கை மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அத்தகைய நாட்களில், மாதந்தோறும் மாத்திரைக்காக மலையிலிருந்து இறங்கிப் பஸ்ஸேறி ஆஸ்பத்திரிக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பும் ஒரு முதிய தொழிலாளியின் மனம், “பூத்தண்ணீர் குடித்தாற் போதுமே” என்று எண்ணுவது இயல்பு. குறை சொல்ல முடியாது. எனினும் நீரிழிவு நோயாளி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டு ஆவாரம்பூவை மட்டும் நம்பினால், கால் புண்ணும் கண் மங்கலும் சிறுநீரகக் கேடும் ஓசையின்றி வந்து சேரும். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தாலும் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரக்கூடும். ஆதலால் வைத்தியரிடம் சொல்லிவிட்டே குடிக்க வேண்டும்.

வேறொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. 1981ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இலங்கை நாட்டு மருத்துவத்தில் வழங்கும் மூலிகைகளைச் சோதித்தபோது, ஈரலுக்குத் தீங்கு செய்யும் ஒருவகை நச்சுப்பொருள் காணப்பட்ட மூன்று மூலிகைகளில் ஆவாரையும் ஒன்றென அறிவித்தனர். 2004ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு இலங்கை ஆய்வில், வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசப்பீன் என்னும் மருந்தோடு ஆவாரைத் தேநீரையும் எலிகளுக்குக் கொடுத்தபோது, இரத்தத்தில் அம்மருந்தின் அளவு கணிசமாக உயர்ந்தது. வலிப்புக்கு மருந்து எடுப்போர் இதை மறக்கலாகாது. விருந்தினருக்கு எப்போதாவது ஒரு கோப்பை கொடுப்பதும், நாள்தோறும் மூன்று வேளை மருந்தாகக் குடிப்பதும் ஒன்றல்ல. கருவுற்ற பெண்களும் ஈரல் நோயாளிகளும் விலகியிருப்பதே தக்கது.

முன்னர்ச் சொன்ன காதுக்கு இப்போது வருவோம். ஆவாரைக்கு உறவுமுறைச் செடிகள் பல. நிலாவாரை கடும் பேதி மருந்து. சீமையகத்தி படர்தாமரைக்குப் பூசும் இலை. பேயாவாரை என்பதோ பாழ்நிலங்களில் மலியும் களை. இந்தியாவின் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பனிக்காலந்தோறும் குழந்தைகள் திடீரென மயங்கி இறந்தமைக்கு, இந்தப் பேயாவாரைக் காயை விளையாட்டாகத் தின்றதே காரணம் என்று 2007ஆம் ஆண்டளவில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். எல்லாவற்றுக்கும் பூ மஞ்சளே. ஆகவே பறிக்குமுன் இலையடியைப் பார்க்க வேண்டும். அகன்ற காதுமடல் போன்ற செதில் நிலைத்து நின்றால் ஆவாரை, இல்லாவிட்டால் கைவைக்கலாகாது. பள்ளிப்பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைக் காட்டிக் கொடுப்பது அரைமணி நேர வேலை.

பயிரிடும் முறை கடினமன்று. பழுப்பேறிய காயைப் பறித்து வெயிலில் உலர்த்தி விதையை உதிர்க்க வேண்டும். விதையின் தோல் கடினமானது. அப்படியே விதைத்தால் மாதக்கணக்கிற் கிடக்கும். கொதித்த நீரை இறக்கிவைத்து, அதில் விதையைக் கொட்டி, இரவு முழுவதும் ஆறவிட்டால், காலையில் நல்ல விதை உப்பியிருக்கும். உப்பாதவற்றை அரத்தாளில் இலேசாகத் தேய்த்து மீண்டும் ஊறவைக்கலாம். ஆவணி கடைசியில் மண்ணும் மணலும் சாணவுரமும் கலந்த பைகளில் ஊன்றினால், ஒக்டோபர் மழை நன்கு பிடித்தபின் நடுவதற்குக் கன்று தயாராகும். மழையில் வேரூன்றிவிட்ட கன்று அடுத்த ஆடிக் காற்றுக்கு அஞ்சாது. செடிக்குச் செடி ஐந்தடி இடைவெளி போதும்.

அதற்கு வேண்டியது வெயில். தேயிலையின் நிழல்மரங்களுக்குக் கீழே நட்டால் நோஞ்சானாகும். நீர் தேங்கும் பள்ளமும் ஆகாது. கொஸ்லந்தவில் வெல்லவாயப் பக்கம் பார்த்த, நீர் வடியும், வெயில் விழும் மேடுகள் பொருத்தமானவை. பூனாகலையின் பனிபடியும் உயரங்களுக்கு ஏறினால் அதே செழிப்பை எதிர்பார்க்க முடியாது. ஆடுமாடுகள் அதை விரும்பி மேய்வதில்லை என்பதால் வேலியோரத்துக்கு ஏற்றது. பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிவிட்டால் அடுத்த முறை அடர்த்தியாகப் பூக்கும். பட்டை வேண்டுவோர் நிற்கும் செடியைச் சுற்றி உரித்துவிடுகின்றனர். அது செடியைக் கொல்லும் வழி. தண்டை நிலத்துக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டி, வெட்டிய தண்டிலிருந்து பட்டையை எடுத்தால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். காட்டோரத்துச் செடியிலிருந்து பூப் பறிப்போரும் விதைக்கென்று மூன்றில் ஒரு பங்கையாவது விடுதல் வேண்டும். கன்று வளர்ப்புப் பற்றிய ஐயங்களை, ஹல்துமுல்லையிலுள்ள ஆயுர்வேதத் திணைக்களத்து மூலிகைத் தோட்டத்தாரிடம் கேட்டறியலாம்.

கொஸ்லந்த என்றதும் எவர் நெஞ்சிலும் எழும் வினா ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் புதையுண்டன. வேரோடும் செடிகளை நட்டால் மலை சரியாமல் நிற்குமா? மேல்மண்ணை மழை அரித்துச் செல்வதை ஆவாரை போன்ற செடிகளின் வேர் தடுக்கும், அது மெய். ஆனால் மீரியபெத்தையில் நிகழ்ந்ததைப் போன்ற பெருஞ்சரிவு மேல்மண் அரிப்பன்று. நாட்கணக்கிற் பெய்த மழைநீர் ஆழ இறங்கி, வேர் எட்டாத இடத்தில் மண்ணின் பிடியைத் தளர்த்திவிட, மலையின் ஒரு பாகமே மேலிருக்கும் செடி மரங்களோடு பெயர்ந்து வருகின்றது. அதற்குச் செடி மருந்தாகாது. சுவரிலும் தரையிலும் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, இவற்றைக் கண்டால் இரவென்றும் பாராது வெளியேறுவதும், அபாயமெனக் குறிக்கப்பட்ட இடத்திலிருந்து குடியிருப்பை மாற்றிக் கொடுப்பதுமே வழி. ஆவாரையை நட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் எவரும் அத்தகைய சரிவிற் குடியிருக்கலாகாது.

பிழைத்தவர்களுக்கெனப் பூனாகலைப் பகுதியில் அமைந்த புதிய வீடுகள் 2016ஆம் ஆண்டில் கையளிக்கப்பட்டன. அக்காலத்துத் தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட காணி ஏழு பேர்ச்சஸ். வீட்டுக்குப் போக எஞ்சும் நிலத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் முதலிடம் பெறுவது நியாயமே. தண்ணீர்க் குழாய் எட்டாத, வெயில் காயும் ஒரு மூலை மிஞ்சுமாயின், கதிர்காமத்திலிருந்து திரும்பும்போது முடிச்சில் கட்டிவந்த நான்கு ஆவாரை விதைகளுக்கு அந்த இடம் போதுமானது.